நாலு மணி நேரந்தான்

மகளுக்கு துபாயில் தலைப்பிரசவம். கூட இருக்க நான் போக வேண்டும். மதுரையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் நாலு மணி நேரம். சங்கரன்கோவிலிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கே காரில் மூன்று மணி நேரம் ஆகும். ராஜபாளையம் நெரிசலைத் தாண்டுவதைவிடக் கடலைத் தாண்டுவது சுலபம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று அவள் போனில் அழும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"நாலு மணி நேரந்தான் மக்கா. வலி வாரதுக்கு முன்னாடி அம்மா அங்கன நிப்பேன்."

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு விமானம். பன்னிரண்டுக்குள் கவுண்டரில் நிற்க வேண்டும். காலை எட்டுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஆனால் ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்திலேயே பையை வெளியே எடுத்து அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஆறரைக்கே பாஸ்போர்ட், விசா எல்லாம் உள்ள கைப்பையைக் கொண்டுபோனேன். அடுத்த வீட்டுக்காரி அடுப்படியில் நின்றபடியே, "வச்சிட்டுப் போங்கக்கா" என்றாள். யார் கையும் படக்கூடாதென்று வாசல் கதவுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

எட்டு மணிக்குக் கார் வந்தது. அடுத்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் வேலை, ஒரே வண்டியில் போய்விட்டார்கள். போன் போட்டேன்.

"நீங்க அப்பவே எடுத்துட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேங்க்கா. இந்தா, இப்பமே திரும்புதோம்."

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தெருமுனைக்கும் பூட்டுக்குமாக நடந்தேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். பூட்டை உடைக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

"ஏட்டி, பாஸ்போர்ட்டையாவது கையில வச்சிருக்கலாம்லா?"

அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தேன். சொன்னது நியாயம் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

பை கைக்கு வந்து கார் நகர்ந்தபோது மணி ஒன்பது பத்து. ராகு காலம் முடிந்திருந்தது. பையை வெளியே வைத்திருக்கவே வேண்டாம். வழி நெடுக ஓட்டுநரை விரட்டினேன். விமான நிலையத்தில் இறங்கியபோது பன்னிரண்டே கால். கவுண்டரை மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சாந்தமாகத் தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலமே மகளுக்கு வலி கண்டுவிட்டது. குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் சங்கரன்கோவிலில், பிரிக்காத பெட்டிக்குப் பக்கத்தில், போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தி பிறந்த செய்தியை மருமகன் சொன்னபோது சந்தோஷத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

புதன்கிழமை விமானத்துக்கு நான் நேரம் எதுவும் பார்க்கவில்லை. பை வீட்டிலிருந்து விமானம் வரை என் மடியிலேயே இருந்தது. அந்த நாலு மணி நேரம் நகரவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். துணியைச் சரிசெய்துகொண்டே கோபமில்லாமல் கேட்டாள்.

"நாலு மணி நேரந்தான்னியேம்மா?"