நண்டுக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் அள்ளிய வாளி

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் நான் ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கியதில்லை. தம்பலகாமத்தில் நெல்மூட்டை சுமந்தேன், திரியாயில் கரைவலை இழுத்தேன். எழுபதுகளின் கடைசியில் திருகோணமலைத் துறைமுகக் கரையில் வீடெடுத்திருந்த ஓர் ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் கடலுயிர்கள் பற்றிப் படித்தவர். சினை நண்டைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, பொரிக்கும் குஞ்சுகளை முழு நண்டாகும்வரை வளர்க்கப் பார்த்தார். இரண்டு தடவை தவறிவிட்டது. மாரி தொடங்கினால் கரைத்தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும். அதற்குள் மூன்றாவது தடவையும் சரிவராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் என்றார்.

தினமும் காலையில் தகர வாளியில் கடல்நீர் அள்ளிவந்து, துணியில் வடித்து, தொட்டித் தண்ணீரை மாற்றுவது என் வேலை. குஞ்சுகளில் நண்டின் சாயலே இருக்காது. இரண்டு கண், ஒரு வால், முதுகில் ஒரு முள். தூசியளவில் துடித்துத் திரியும். சில நாளுக்கொரு தடவை பழைய தோலைக் கழற்றிவிட்டுப் பெரிதாகும். இந்த முறை இரண்டு தடவை கழற்றிவிட்டன. எனக்கும் புறப்படும் எண்ணம் வரவில்லை.

ஐயா கொழும்புக்குப் போயிருந்தபோது மலேரியாவுக்கு மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். காய்ச்சலில் விழுந்து எழும்பியவன் நான். வேண்டாமென்று சொல்ல மனமில்லை. தொட்டி அறையை மட்டும் விடச்சொல்லி, கதவிடுக்கில் ஈரச்சாக்கை அடைத்தேன்.

"நண்டுக்கு மருத்துவிச்சி நீங்கள்தானோ?" என்றார் பம்பு வைத்திருந்தவர்.

"ஓம் அண்ணே. கூப்பாடு போடாத தாய்மார். சுகமான வேலை."

"அப்ப மருந்து கரைக்க ஒரு வாளி தாங்கோ. எங்கட வாளி அடி ஓட்டை."

முற்றத்தில் கிடந்த அந்தத் தகர வாளியைக் கொடுத்தேன். அவர்கள் போனபின் மணல் போட்டுத் தேய்த்து, சவர்க்காரத்தால் மூன்று முறை கழுவினேன். நாற்றம் போய்விட்டது.

மூன்றாம் நாள் குஞ்சுகள் அடியில் விழத் தொடங்கின. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதுகுத்தோல் வெடித்து, தலை வெளியே வந்து, வால் உள்ளே சிக்கியிருந்தது. துடித்துத் துடித்து நின்றுவிட்டன. தண்ணீர்தான் கெட்டுவிட்டதென்று மாற்றினேன். பின்னேரமும் மாற்றினேன். அடுத்த நாள் மூன்று தடவை. மாற்ற மாற்றக் கூடுதலாக விழுந்தன.

ஐயா வந்ததும் சுவரை மோந்து பார்த்தார். தொட்டி அறைக்கு அடிக்க விடவில்லை என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

"மருந்தை எதில கரைச்சவங்கள்?"

வாளி அன்றைய கடல்நீரோடு அவர் காலடியில் இருந்தது.

"இதிலதான் ஐயா. வடிவாக் கழுவினனான்."

அவர் ஏசவில்லை. "இதுகள் சாகிறதுக்கு மணக்கிற அளவு மருந்து தேவையில்லை. அதிலும் குறையவே போதும்," என்றார்.

மிஞ்சியவற்றைக் கரண்டியால் அள்ளி, புதுப் போத்தலில் எடுத்த தண்ணீருக்கு மாற்றினோம். ஒன்று என் கண்ணெதிரே தோலுக்குள் சிக்கி அடித்துக்கொண்டிருந்தது. இழுத்துவிடலாமென்று தையல் ஊசியைக் கொண்டுபோனேன். கண்ணாடிக்கடியில் ஊசிமுனை அதன் தலையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஊசியைப் பிடித்தபடியே, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவையும் அந்தக் கிழமைக்குள் முடிந்தன. முதல் மழையோடு ஐயா தொட்டிகளை லொறியில் ஏற்றினார். வாளியை என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார். லொறி போனபின் அதன் அடியில் ஆணி வைத்து அடித்து ஓட்டையாக்கிவிட்டு நானும் நடந்தேன்.