படத்தை விட்டுப் போன மேகம்

தரங்கம்பாடிக் கமலவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். கருவாட்டுக் கூடையோடு அவள் தெருவில் நுழைந்தால் பேச்சு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். புருஷன் அய்யாவு நேர் எதிர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவான், அதையும் யோசித்துத்தான் பேசுவான். பேசுவதெல்லாம் உனக்கு, கேட்பதெல்லாம் எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டவர்கள் மாதிரி இருவரும் பிரியமாகவே குடும்பம் நடத்தினார்கள்.

படகு போன நாளில் மீன், போகாத நாளில் கருவாடு. எதுவானாலும் வாய்க்கால் கரையோடு நடந்து, உள்ளே இருக்கிற நெல் விளையும் ஊர் ஒன்றில் விற்றுவிட்டு வருவாள். அந்த ஊரில் பிரகதாம்பாள் வீட்டில்தான் டிவி இருந்தது. நிலபுலன் உள்ள வீடு. மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி. ஆன்டெனாவைத் தென்னை உயரத்துக்கு ஏற்றிக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் நம் டிவி அங்கே சரியாக எடுக்காது. சிலோன் டிவி பளிச்சென்று எடுக்கும். பாதி நேரம் சிங்களம், ஒருத்தருக்கும் ஒரு சொல் புரியாது. ஆனால் சாயங்காலத்தில் ஒரு படம் காட்டுவார்கள். வானத்துக்கும் மேலே சுற்றுகிற சாட்டிலைட் எடுத்த படம். நடுவில் மாங்காய் மாதிரி இலங்கை, சுற்றிலும் கறுப்பாகக் கடல், அதன்மேல் வெள்ளையாக மேகம். அதைப் பார்க்க எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை.

முதல் தடவை பார்த்தபோது கமலவல்லி கூடையை இறக்க மறந்து நின்றுவிட்டாள். புருஷன் போகிற கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவள் அவள். மேலேயிருந்து பார்த்தால் இத்தனை பெரிசா என்று இருந்தது. அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மேகம் பார்க்காமல் அவள் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியதில்லை. திரும்பி வந்ததும் கரையில் எல்லாரும் சூழ்ந்துகொள்வார்கள். ஐப்பசி பிறந்தால் ரேடியோ தினமும் கடலுக்குப் போகாதே என்று ஒரே பாட்டைப் பாடும், அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கமலவல்லி கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே. அவளுக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வந்த ஒரு வருஷம். அந்த நெல் ஊரில் குறுவை அறுப்பு ஐப்பசி வரைக்கும் இழுத்துக்கொண்டுவிட்டது. கூலி நெல்லை உயர்த்தினால்தான் வயலில் இறங்குவோம் என்று பின்தெருக் கூலிக்காரர்கள் செங்கொடி நட்டார்கள். ஒரு மரக்கால்கூட ஏறாது என்று முன்தெரு நிலக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். சுவரில் உதயசூரியனும் இரட்டை இலையும் மாறி மாறி வந்தன, இந்தச் சண்டை மட்டும் மாறவில்லை. தாசில்தார் வந்தார், பேசினார், டீ குடித்தார், போனார். பின்தெருவுக்கு யாரும் எதையும் விற்கக் கூடாது என்று பிரகதாம்பாள் வீட்டு உத்தரவு. கமலவல்லிக்கோ இரண்டு தெருவும் வாடிக்கை. அதனால் முன்தெருவில் விற்றுவிட்டு, வீட்டுக்குப் போகிறவள் மாதிரி மூலை திரும்புவாள். அப்படியே வாய்க்காலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் இலங்கைக்குக் கிழக்கே ஒரு மேகம் சுருண்டுகொண்டு வந்தது. கமலவல்லி சொன்னதும் கரைக்காரர்கள் படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். மேகம் நாளுக்கு நாள் படத்தில் மேலே மேலே போயிற்று. கரையில் அடுப்பெரிவது குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு சாயங்காலம் படத்தில் சுழியைக் காணோம். மேல் ஓரத்தில் வால் மாதிரி கொஞ்சம் வெள்ளை, மற்றபடி எல்லாம் கறுப்பு. கமலவல்லி டிவியைப் பார்த்தே கும்பிட்டாள். கரைக்கு வந்து, போயிடுச்சு என்றாள். ரேடியோ இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள்? மறுநாள் சாயங்காலம் புறப்படுவதென்று வலைகளை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பிரகதாம்பாள் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நீ போனப்புறம் இன்னும் கொஞ்சம் கருவாடு வாங்கலாம்னு ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். ஆளைக் காணும். ஊருக்குத்தான் போயிட்டேன்னு நெனச்சேன். கடைசில பாத்தா, எங்க கொல்லைக்குப் பின்னாடியே நின்னு வித்திருக்கே."

வேறு நாளாக இருந்தால் கமலவல்லி ஒன்பது சமாதானம் சொல்லியிருப்பாள். அன்று நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். அதில் தெருமூலை வரைக்கும்தான் தெரியும். அதைத் தாண்டிப் போனவள் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு இவர்கள் கொல்லைக்குத்தான் வந்தாள். டிவி படத்துக்கும் ஓரம் உண்டு. இலங்கைக்காரன் இலங்கையை நடுவில் வைத்துக் காட்டுகிறான். மேலே வேதாரண்யம் மூக்கு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அதற்கும் மேலே வடக்கே இருக்கிற தரங்கம்பாடி அந்தப் படத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. இத்தனை காலம் பார்த்தும் அது அவளுக்கு உறைக்கவேயில்லை.

"அம்மா, அது எங்க கொல்லைக்கு வந்திருக்கு" என்றாள். பிரகதாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கமலவல்லி கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் கரைக்கு வரும்போது அய்யாவும் அவன் தம்பி நாகநாதனும் போன வள்ளம் அலை உடைகிற இடத்தைத் தாண்டிவிட்டது. மற்றப் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடல் புரண்டுகொண்டுதான் இருந்தது. ஆனால் ஐப்பசிக் கடல் எப்போது சும்மா இருந்தது?

கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அதிலும் பெண்டாட்டி கூப்பிடவே கூடாது. எதையாவது மறந்துவிட்டுப் போனால்கூட எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். கமலவல்லிக்கு இது தெரியாதா? புயல் வராவிட்டால் ஊர் சிரிக்கும், அவள் சொல்லை இனி யாரும் மதிக்க மாட்டார்கள். பின்னால் என்றைக்காவது அய்யாவுக்கு ஒன்று என்றால் இவள் கூப்பிட்டதுதான் காரணம் என்பார்கள். எல்லாம் தெரிந்துதான், காய்ந்துகொண்டிருந்த வேட்டியைத் துடுப்பில் கட்டித் தூக்கி ஆட்டினாள். பக்கத்தில் நின்ற பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை.

வள்ளம் திரும்பியது.

மணலில் குதித்த நாகநாதனுக்கு முகமெல்லாம் கோபம். "நேத்து போயிடுச்சுன்னீங்க. இன்னைக்குத் துணியைக் கட்டிக் கூப்பிடுறீங்க. எதை அண்ணி நம்புறது?"

"நேத்து நான் சொன்னது தப்பு, தம்பி. அது போனதை நான் பாக்கல. படத்துல இல்லைங்கறதைத்தான் பாத்தேன்."

கூட்டம் அய்யாவைப் பார்த்தது. அவன் காரணம் கேட்கவில்லை. "கூப்பிட்டா, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தை மேட்டுக்கு இழுக்க ஆரம்பித்தான். அவன் இழுத்ததைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டேதான் இழுத்தார்கள்.

விடிவதற்குள் காற்று வந்துவிட்டது. கூரைகளை அள்ளிக்கொண்டு போயிற்று. மேட்டில் ஏற்றியிருந்த படகுகளையே புரட்டிப் போட்டது. நெல் விளையும் அந்த ஊரில் அறுக்காத குறுவை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் போனதில், கூலி எவ்வளவு என்ற தகராறுக்கு அந்த வருஷம் அர்த்தமில்லாமல் போயிற்று. கூலிக்கு நின்றவர்கள் வீட்டிலும் நெல் இல்லை. ஆனால் அந்தக் கரையில் ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தது. திட்டினவர்கள் வந்து அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நாகநாதன் தன் பங்குக் கஞ்சியையும் அண்ணிக்கு ஊற்றினான். அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. போயிடுச்சு என்று தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அய்யாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒருவேளை காத்து வராமலே போயிருந்தா? ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்குமே."

அய்யாவு யோசித்தான்.

"சிரிச்சிருக்கும். நானும்தான் சிரிச்சிருப்பேன். கரையில நின்னுக்கிட்டு."

கமலவல்லி அவனுடைய ஈரத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க அழுதாள்.