கலர் எழுத்து வந்தால் கையை எடுத்துவிடு

கள்ளக்குறிச்சியில் எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரே அறை, ஒரே ஃபேன், ஒரே லேப்டாப். லேப்டாப் என்னுடையது, அண்ணன் வாங்கிக் கொடுத்தது. இதை எத்தனை தடவை அவளிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவளுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டி ஓர் ஊர். காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். படிப்பு முடிந்ததும், வேலை தேடுகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கேயே தங்கிக்கொண்டோம்.

போன இடத்தில் எல்லாம் "எந்த ஃப்ரேம்வொர்க் தெரியும்?" என்றுதான் கேட்டார்கள். காலேஜில் அப்படி ஒரு சொல் எங்கள் காதிலேயே விழுந்ததில்லை. வெப்சைட் கட்டுவதற்குத் தூணும் கூரையும் முதலிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள், சுவரை மட்டும் நாம் எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான் என்று வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டேன். புரிந்ததை அவளுக்கும் சொன்னேன். பாதியை.

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் எழுதி முடித்துவிட வேண்டும். கடைசி வரி எப்போதும் 'புரோகிராம் வெற்றிகரமாக ஓடியது'. கரண்ட் இல்லாத நாளிலும் எங்கள் புரோகிராம் ஓடியிருக்கிறது, வாத்தியார் கையெழுத்தும் விழுந்திருக்கிறது! அந்தப் பழக்கத்தில் அவள் ஃப்ரேம்வொர்க்கையும் ஒரு ரெக்கார்டு நோட்டில் நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தாள். லேப்டாப் என் மடியில் இருக்கிற நேரம் எல்லாம் அவள் சுவரில் சாய்ந்து அதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள்.

"இன்னாடி, வாய்ப்பாடு ஒப்பிச்சிக்கினு இருக்க?" என்று கிண்டல் செய்வேன்.

"சிரி சிரி. உன் லேப்டாப்பு எனுக்குக் கெடைக்கிறதே கம்மி. வேற இன்னா பண்றது?" என்பாள்.

ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ எரர் வந்திருக்கிறது. அவளாக ஒன்றை யோசித்து அடித்துப் பார்த்திருக்கிறாள். வந்து பார்த்தால் ஃபோல்டரையே காணோம். எல்லாவற்றையும் மறுபடி இறக்கியதில் அன்றைக்கு இருந்த நெட் முழுக்கத் தீர்ந்துபோனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இனிமே கலர்ல எழுத்து எதுனா வந்துச்சுன்னா கைய எடுத்துடு. நீ ஒண்ணும் தொடாத. என்னக் கூப்புடு" என்றேன்.

"சரிடி, தொடல" என்றாள்.

கோபம் மட்டும் இல்லை. அவள் அடித்தது பாதிக்கு மேல் சரி. ஏன் அடித்தாள் என்று அவள் சொன்ன காரணம் எனக்குத் தோன்றியே இருக்காது. இவள் என்னை முந்திவிடுவாள் என்று தோன்றிவிட்டது. அதன் பிறகு கலர் எழுத்து வந்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, ஃபோனில் தேடிப் பார்த்து, சரி செய்து கொடுப்பேன். என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு காலேஜில் சென்னைக் கம்பெனி ஒன்று இன்டர்வியூ வைத்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "வேல கெடச்சா அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிக்கலாம்டி. இதுவும் போச்சுன்னா ரூம காலி பண்ணிட்டு மலைக்கே வந்துடுன்னுட்டாரு" என்றாள் பஸ்ஸில்.

ஃபோனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஃப்ரேம்வொர்க்கில் ஒரு சின்னப் பக்கத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் பக்கத்து வரிசை. நோட்டில் இருந்தது அத்தனையும் விரலில் இருந்தது. எனக்கு முன்பே அடித்து முடித்துவிட்டாள்.

நானும் முடித்து ஓட்டினேன். திரையில் மஞ்சளாக ஒரு கேள்வி வந்தது. காலையில் இதே கம்ப்யூட்டர்களில் எழுதியவர்கள் தங்கள் பக்கத்தை நிறுத்தாமல் போயிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது, வேறு இடத்தில் ஓட்டட்டுமா என்று கேட்டது. ஆம் என்பதற்கு 'ஒய்' என்று ஒரே ஓர் எழுத்து. அறையில் ஒரு தடவை எனக்கு வந்திருந்ததால் தெரியும். அழுத்தினேன், ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். அவள் திரையிலும் மஞ்சள். இரண்டு கையும் மடியில். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம்கூட இல்லை, இதோ வந்துவிடுவாள் என்கிற மாதிரி இருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் ஓர் எழுத்தை உதட்டசைவில் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேற்பார்வை பார்த்தவர், கையை மடியில் வைத்திருப்பவள் முடித்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவளைத் தாண்டிப் போனார். மணி அடிக்கிற வரைக்கும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் நான் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளை வெள்ளிமலை பஸ் ஏற்றிவிடப் போனேன். பையை ஏற்றிவிட்டு இறங்கி வந்தாள்.

"அந்த மஞ்சா எழுத்து இன்னாடி? உனுக்கும் வந்துச்சா?"

"எனுக்கு வரல" என்றேன். "அது பெரிய எரர்டி. நானா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அவள் முகம் தெளிந்தது. "அப்டியா? ரெண்டு நாளா என் தப்போன்னு நெனச்சிக்கினே இருந்தன்" என்று சிரித்தாள். பிறகு ரெக்கார்டு நோட்டை என் கையில் வைத்து, "நீ வேலைக்குப் போறவ, உனுக்கு ஒதவும்" என்றாள்.

பஸ் போன பிறகு, அங்கேயே நின்று நோட்டைப் பிரித்தேன். பன்னிரண்டாம் நம்பர் வரை அடிக்க வேண்டிய கட்டளைகள். பதின்மூன்று: 'கலர் எழுத்து வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.' பக்கத்தில் என் பெயர் போட்டு, 'கூப்பிட வேண்டும்.' அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, காலேஜ் வழக்கப்படி முன்கூட்டியே எழுதியிருந்தாள்: 'புரோகிராம் வெற்றிகரமாக ஓடியது.'