சட்டையில் ஒரு துளி இல்லை

மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்காக நான் ஏற்காட்டிலிருந்து இறங்கிய காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். பஸ் மேகத்துக்குள் மிதந்தது. எந்தக் கேள்விக்கும் மூன்று பாகமாகப் பதில் சொல்லப் பழகியிருந்தேன்: என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், என்ன கற்றுக்கொண்டேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பதில் சொல்லிப் பார்ப்பதென்று முடிவு.

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "சன்னலோரம் எனக்கு உடறயா சாமி? பஸ்ஸேறுனாலே நொம்ப வாந்தி வருது."

"படிச்சுட்டிருக்கறனுங்க, வெளிச்சம் வேணுமுங்க" என்றேன். நகரவில்லை.

பாதி மலையில் தன் முந்தானையிலேயே வாந்தி எடுத்தார். நான் என் வெள்ளைச் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன். வாயைத் துடைத்தபடி அவர் கேட்டார்: "உம்மேல படலீல்ல கண்ணு?"

சேலத்தில் எதிரே மூன்று பேர். "துன்பப்பட்ட ஒருவருக்கு நீங்கள் உதவிய அனுபவம் சொல்லுங்கள்."

மனப்பாடம் செய்ததெல்லாம் பனியாய்க் கலைந்துபோய், அந்த அம்மாதான் நினைவில் வந்தார். முதல் பாகத்தில் நடந்ததைச் சொன்னேன். இரண்டாம் பாகத்தில், சன்னலோரம் கொடுத்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்ததாகச் சொன்னேன். மூன்றாம் பாகத்தில் குரல் தழுதழுத்தது. அது மட்டும் நடிப்பில்லை.

சீட் கிடைத்தது. சட்டையில் ஒரு துளிகூட இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

இன்றும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் சன்னலோரத்தைக் காலியாக விட்டுத்தான் உட்காருகிறேன். பெரும்பாலும் பனிதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது.