பதினெட்டாம் மாடியில் ஒரு மஞ்சள் விளக்கு

ஒசாகாவில் ஆற்றோரம் நிற்கும் அந்தப் பெரிய ஹோட்டலில் கிகுயோ முகாய் இருபத்தாறு வருஷம் வேலை செய்தாள். முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தது மட்டும் அறுபத்தெட்டாவது வயதில், ஒரே ஒரு நாள். படுக்கை விரிப்பதும் குளியல் தொட்டி தேய்ப்பதும்தான் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அறை. ஓய்வு பெற்றபோது துப்புரவுக் கம்பெனி ஓர் உறையைக் கொடுத்தது. அதே ஹோட்டலில் ஓர் இரவு தங்க இலவசச் சீட்டு. அதைச் செத்துப்போன கணவரின் படத்தருகே வைத்தவள் அப்புறம் தொடவேயில்லை.

"நான் போய்ப் படுத்தா அந்த விரிப்ப யாராவது மாத்தணுமே," என்பாள்.

அப்படி ஒரு பிறவி! யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது என்றே வாழ்ந்து தொலைத்தவள்.

அந்தக் குணம் ஏற்கெனவே ஒருமுறை அவள் குடியைக் கெடுத்திருந்தது. ஒன்பது வருஷம் முன்பு, புத்தாண்டு நெருக்கத்தில், மகன் ஷிங்கோ ஆஸ்பத்திரியிலிருந்து ஹோட்டலுக்குப் போன் செய்தான். "அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே வா." மேற்பார்வையாளர் கிளம்பச் சொல்லிவிட்டார். இவள்தான் கிளம்பவில்லை. இன்னும் மூன்று அறை பாக்கி. விட்டுப் போனால் அது கூட வேலை செய்யும் தோகிகோ தலையில் விழும். மூன்றையும் முடித்துவிட்டுத்தான் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"ஊரான் படுக்கைய நல்லா விரிச்சியா?" என்று கேட்டான் ஷிங்கோ.

அவ்வளவுதான். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு வடக்கே ஹொக்காய்டோவுக்குப் போனவன், அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 'தப்பு பண்ணிட்டேன்டா' என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக அந்த வார்த்தை தொண்டையிலேயே கிடந்தது.

இந்த அக்டோபரில் ஓர் அஞ்சலட்டை வந்தது. மீன் பண்ணை வேலைக்குக் குடும்பத்தோடு சிலி நாட்டுக்குப் போகிறானாம். திரும்பி வருவதாக இல்லையாம். 'பதினான்காம் தேதி இரவு ஒசாகாவிலிருந்துதான் விமானம். வீட்டுக்கு வரமாட்டேன். வெளியே எங்காவது என்றால் சாயங்காலம் ஒரு மணி நேரம் உண்டு. புது விலாசத்தை நேரில் தருகிறேன்.'

குடும்பமாம்! மருமகள் எப்படி இருப்பாள், பிள்ளை உண்டா, இல்லையா? ஒன்றும் தெரியாத தாய் அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வெளியே என்றால் எங்கே? காபிக் கடையில் உட்கார்ந்து அழ முடியாது. அவளுக்குத் தெரிந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். சீட்டை எடுத்தாள். மகனுக்கு எழுதினாள்: 'ஆறு மணிக்கு அந்த ஹோட்டலுக்கு வா. கீழே என் பெயரைச் சொன்னால் அறைக்குப் போன் போடுவார்கள்.' தன் கைபேசி எண்ணையும் எழுதப் போனாள். கடைசி நேரத்தில் தொணதொணப்பாள் என்று நினைத்துவிடுவானோ? பேனாவை மூடிவிட்டாள்.

பதினான்காம் தேதி மூன்று மணிக்குச் சாவியை வாங்கியபோது, மகன் வருவான் என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தாள். பின்னால் பெட்டியும் கையுமாக வரிசை நின்றது. அவர்களைக் காக்க வைப்பதா என்று நகர்ந்துவிட்டாள்.

பதினெட்டாம் மாடியில் தோகிகோ துணி வண்டியோடு எதிரே வந்தாள்.

"அடேயப்பா! மகாராணி விஜயமா? செருப்பக் கழட்டாம நடங்க அக்கா, இன்னிக்கு நீங்க விருந்தாளி!"

"சும்மா இருடி. முட்டி என்ன இப்படி வீங்கியிருக்கு?"

"அது கிடக்கு. ஒருத்தி லீவு. சாயங்காலம் இருபத்தெட்டு ரூமுக்கும் நானே போய்ப் போர்வைய மடிச்சு, தலையணையில சாக்லேட் வைக்கணும். உங்களுக்கு ரெண்டா வைக்கிறேன். பையன் வரானாமே?"

"வரேன்னு எழுதியிருக்கான்."

"வருவான் பாருங்க. ஒன்பது வருஷக் கோவம் அம்மா மூஞ்சியப் பார்த்தா ஒன்பது நிமிஷம் தாங்காது."

கிகுயோ அறைக்குள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். படுக்கையைத் தொடவில்லை. மகனுக்குப் பிடித்த புளிப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டை நாலு பிடித்து, துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தோகிகோவின் முட்டிதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. மனசு கேட்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, கட்டில் பக்கத்து 'தொந்தரவு வேண்டாம்' பொத்தானை அழுத்தினாள். வாசலில் மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் துப்புரவு ஆள் அந்தக் கதவைத் தட்டாமல் போய்விடலாம். இருபத்தாறு வருஷம் வெளியே நின்று பார்த்த விளக்காயிற்றே. ஓர் அறையாவது அவளுக்குக் குறையட்டும்.

பாவி, அந்த விளக்கு கீழே வரவேற்பு மேசையிலும் எரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அது எரிந்தால் அறைக்குப் போன் போட மாட்டார்கள், வந்தவரை மேலே அனுப்பவும் மாட்டார்கள். பின்வாசலில் வந்து பின்வாசலில் போன பெண்ணுக்கு முன்மேசைச் சட்டத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆறு அடித்தது. போன் பக்கத்திலேயே நின்றாள். ஆறரை. போன் வந்துவிடுமோ என்று கழிவறைக்குக்கூடப் போகவில்லை. ஏழு. கீழே கேட்டுப் பார்க்கலாமா என்று போனை எடுத்தாள், வேலை மும்முரமாக இருக்கும் என்று வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். ஏழே முக்காலுக்குத்தான் பொறுக்க மாட்டாமல் இறங்கி ஓடினாள்.

"என்னைத் தேடி யாராவது..."

மேசைப் பெண் குனிந்து வணங்கினாள். "ஆமா மேடம். ஆறு மணிக்கு ஒருத்தர் வந்தார். கூட ஒரு அம்மா, தூங்குற கைக்குழந்தையோட. உங்க விளக்கு எரிஞ்சதால நாங்க கூப்பிடல. ஒரு மணி நேரத்துக்கு மேல அந்த சோபாவுலதான் உட்கார்ந்திருந்தாங்க."

கிகுயோ திரும்பிப் பார்த்தாள். சோபா காலியாக இருந்தது.

"உங்ககிட்ட கொடுக்கச் சொல்லி ஒரு விலாசச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்புறம், 'யாரையும் அனுப்பக் கூடாதுன்னு அவங்களே சொன்னாங்களா?'ன்னு கேட்டார். 'விருந்தினரோட விருப்பம்தான் சார்'னு சொன்னேன். சரின்னு தலையாட்டினார். அந்தச் சீட்டத் திருப்பி வாங்கிக் கிழிச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டார். ஏழு பத்துக்கு விமான நிலையப் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. நாங்க ஏதாவது தப்பு..."

"இல்லம்மா, இல்ல. உங்களுக்குத்தான் வீண் தொந்தரவு," என்று கிகுயோ இடுப்பு வளைய வணங்கினாள். இப்படிப்பட்டவளை என்ன சொல்லித் திட்டுவது? அப்போதும் அதைத்தான் சொன்னாள்.

அந்த சோபாவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். உட்காரவில்லை. எந்த விமானம், எந்த ஊர், அவன் போன் எண் என்ன, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பழைய விலாசத்து வீட்டைப் பதிமூன்றாம் தேதியோடு காலி செய்வதாக அட்டையிலேயே எழுதியிருந்தான். உலகத்தில் இனி அவனுக்கு ஒரு கடிதம் போடக்கூட இடமில்லை. மேலே போய் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சோற்றுருண்டை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன்டா, தப்பு பண்ணிட்டேன்டா" என்று குரல் வெளியே போகாமல் அழுதாள். பக்கத்து அறைக்காரர்கள் தூங்க வேண்டுமே.

காலையில் அறையைக் காலி செய்து வெளியே வந்தபோது நடைவழியில் தோகிகோ வண்டியோடு காத்திருந்தாள்.

"அக்கா, நீங்க தெய்வம்! நேத்து விளக்கைப் போட்டு வெச்சீங்களே, எனக்காகத்தானே? எனக்குத் தெரியும். என் முட்டிக்கு நீங்க செஞ்ச புண்ணியம்." குரலைத் தாழ்த்திக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையன் வந்தானா?"

கிகுயோ அந்த வீங்கிய முட்டியைப் பார்த்தாள்.

"வந்தான்," என்றாள். "குழந்தையோட வந்தான்."

"பார்த்தீங்களா! நான்தான் சொன்னேனே!" என்று தோகிகோ பூரித்துப்போய் அவள் தோளில் தட்டினாள். "யார் ஜாடை அக்கா?"