அம்பத்தூரில் பிடிபட்ட சிறுகோள்

வானத்தை ஏறிட்டும் பார்க்காமல் வானத்தைக் கணக்குப் போடுவதே கணிப்பாளர் வேலை. பள்ளியில் லாகரிதம் என்கிற மடக்கை அட்டவணையைக் கண்டு ஓடியவர்களே, பி.ஏ. முடித்த கையோடு நான் அந்த அட்டவணையோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

கீறல்

ரயில்வே சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற சபாபதி சார், அம்பத்தூர் ஏரிக்கரை வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருந்தார்; அவருக்குக் கணக்குப் போட்டவள் நான். அதில் எடுக்கும் கண்ணாடிப் புகைப்படத் தட்டுகளைக் கழுவித் தருபவர் பூந்தமல்லி காதர் பாய். 1924 டிசம்பரில் ஒரு தட்டில் நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளியாக விழுந்திருக்க, ஒன்று மட்டும் சிறு கோடாக நீண்டிருந்தது. நகரும் பொருள்தான் அப்படிக் கோடிழுக்கும். "உங்க நகம் பட்டிருக்கும் பாய்" என்று சார் தட்டை ஒதுக்கினார். பாய் பத்து விரல்களையும் அவர் மூக்கருகே விரித்தார்.

"நல்லா பாரு சார், மருந்துல வெந்து நகமே இல்ல, இன்னாத்த வெச்சு கீறுவேன்?"

அரை நாள்

அடுத்த தட்டிலும் கோடு இருந்தது, சற்றுத் தள்ளி. எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறுகோள். சில மாதங்களில் அது சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். திரும்ப எங்கே தலைகாட்டும் என்று நான் சொல்லாவிட்டால், கண்டது கண்டதாகவே ஆகாது.

ஜனவரியில் மூன்றாவது தட்டும் கிடைத்தது, பாதை போட்டேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்ற வேண்டியது, வியாழனைத் தாண்டி ஓடியது. பத்து நாள் கூட்டிக் கழித்தும் பிழை அகப்படவில்லை. பிறகுதான் உறைத்தது. நண்பகலில் தொடங்கிவந்த வானியல் நாளை அந்தப் புத்தாண்டு முதல் நள்ளிரவுக்கு மாற்றியிருந்தார்கள். டிசம்பர்த் தட்டுகளில் பழைய நேரம், ஜனவரித் தட்டில் புதிய நேரம். மூன்றையும் ஒரே நேரக் கணக்கில் எழுதியிருந்தேன். திருத்தியதும் கோள் அடக்கமாக வந்து அமர்ந்தது, சுற்றுக்கு நாலரை வருஷம். சார் தாளை இரண்டு முறை படித்தார்.

"ஒரு கோளையே அரை நாள் காக்க வெச்சுட்டியேம்மா!"

வட்டம்

அது திரும்பி வரவேண்டிய ஐப்பசி விடியல்களில் மேகம் வழிவிடவில்லை. நான் தினமும் கணக்கை மறுபடி சரிபார்த்தேன். பதினோராம் நாள் வானம் தெளிந்தது. நட்சத்திரப் படத்தில், கோள் இருக்கும் இடம் என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். காலையில் பாய் ஈரத் தட்டோடு ஓடி வந்தார்.

"சொன்ன எடத்துலயே குந்திக்கினு கீது தங்கச்சி!"

பெயர்

கோளுக்கு எண் கொடுத்து, பெயர் கேட்டு, சிறுகோள் பட்டியலைப் பராமரித்த ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. இந்தக் கோள்களுக்குப் பெண் பெயர் வைப்பது வழக்கம். சார் இரண்டு நாள் யோசித்து, தம் பெயருக்கே வால் ஒட்டி 'சபாபதியா' என்று எழுதினார். "இன்னா சார், பொடவ கட்டிக்கினா மேல போவப்போற?" என்றார் பாய். சார் முறைத்தார், அடக்க முடியாமல் சிரித்தார். எழுதியதை அடித்துவிட்டு 'மரகதம்' என்று எழுதினார். அது என் பெயர். வேண்டாம் சார் என்பதற்குள் உறையை ஒட்டிவிட்டார்.

"கண்டது நானும் பாயும், தொலையாமக் காப்பாத்தினது நீ."

என்னை விட்டுப் போனவர்களில், இன்ன நாளில் இன்ன இடத்துக்கு வருவாள் என்று நான் சொன்னபடியே திரும்பி வருகிறவள் அந்த மரகதம் ஒருத்திதான்; என்ன, வெறும் கண்ணுக்குத் தெரியமாட்டாள்.