கெண்டை மீனுக்குப் போட்ட பட்டு நூல்

இன்னிக்கு என் பேத்தி யாழினி முதல் தடவையா தூண்டில் போட்டாள். எட்டாவது படிக்கிறாள். ராத்திரி எங்க வீட்ல மீன் குழம்புன்னு தெரு முழுக்க சொல்லிட்டு ஏரிக்கு வந்திருந்தாள். துணைக்கு நான்.

மைதா மாவை உருட்டி முள்ளில் குத்தினாள். தண்ணியில் விழுந்ததும் கரைஞ்சு போச்சு. ஆறு தடவை போட்டாள், ஆறு தடவையும் வெறும் முள்ளுதான் மேலே வந்தது.

பக்கத்தில் தூண்டில் போட்டுகினு இருந்தவர் சிரித்தார். "ஏம்மா, மீன் புடிக்க வந்தியா, மீனுக்கு டிபன் போட வந்தியா?"

பிள்ளைக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

"வீட்டுக்குப் போலாம் கண்ணு" என்றேன்.

"ஆயா, ஆடாம நில்லு."

தறியை விட்டு எழுந்து அப்படியே வந்தவள் நான். என் புடவையில் ஒட்டிகினு இருந்த பட்டு நூல் துண்டுகளை ஒவ்வொன்றா எடுத்து மாவில் போட்டுப் பிசைந்தாள். "இது மாவைப் புடிச்சுக்கும் ஆயா!"

புடிச்சுகிச்சு. கொஞ்ச நேரத்தில் தண்ணி மேல மிதந்த தக்கை உள்ளே போச்சு. கை நீளத்துக்கு ஒரு கெண்டை! அப்புறம் இன்னும் மூணு. குழம்புக்குப் போதும்.

சிரித்தவர் மெதுவா என்கிட்ட வந்தார். "ஆயா, உங்க முந்தானையில இன்னும் ரெண்டு நூல் ஒட்டிகினு இருக்குதே..."

"என் பேத்தியைக் கேளுங்க" என்றேன்.

வெளியே போறப்ப புடவையை உதறிட்டுப் போங்கன்னு என் மருமகள் தினமும் சொல்லுவாள். இனிமேல் உதறுவேனா நான்?

உங்க ஊர்ல மாவு கரையாம இருக்க என்ன கலக்குறீங்க?